குடும்பக் காரின் இரும்பிலிருந்து உலகப் பட்டம் வரை: எஞ்சின் பொறியாளர் பவுல் ரோஷே பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1983 அக்டோபர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலாமி பந்தயத் தடத்தில், பிரபாம் அணிக்காக ஓட்டிய நெல்சன் பிக்கே மூன்றாவதாக வந்து ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின் பூட்டிய கார் ஒன்று ஓட்டுநர் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. பிக்கேயின் முதுகுக்குப் பின்னால் இருந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உடல்பகுதி), 1960களிலிருந்து பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் சாதாரண நான்கு கதவுக் கார்களுக்காக வார்க்கப்பட்டு வந்த அதே வார்ப்பிரும்புப் பிளாக். ஃபெராரியும் ரெனோவும் பந்தயத்திற்கென்றே வடிவமைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின்களுடன் களத்தில் நின்றபோது, மளிகை வாங்கப் போகும் காரின் இரும்பு அவற்றை முந்தியது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்கான விடை ஒரே பருவத்தில் அடங்குவதன்று. பவுல் ரோஷே என்ற மூனிக் நகரத்துப் பொறியாளரின் நாற்பதாண்டுப் பணியில் அது பரவிக் கிடக்கிறது.

ரோஷே 1934 ஏப்ரல் 1 அன்று மூனிக்கில் பிறந்தார். 2016 நவம்பர் 15 அன்று மறைந்தார். 1957இல் பொறியியல் படிப்பை முடித்த கையோடு பி.எம்.டபிள்யூவில் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை வேறு எந்த நிறுவனத்திற்கும் போகவில்லை. அவர் சேர்ந்த காலத்தில் அது இன்றைய பி.எம்.டபிள்யூ அல்ல. ஒரு பக்கம் இசெட்டா என்னும் முட்டை வடிவச் சிறுவண்டி, மறுபக்கம் மிகச் சிலரே வாங்கக்கூடிய எட்டு சிலிண்டர் சொகுசுக் கார், இரண்டுக்கும் நடுவே நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய தகுந்த வண்டி எதுவும் இல்லை என்ற நிலை. 1959 டிசம்பர் 9 அன்று நடந்த பங்குதாரர் கூட்டத்தில் டைம்லர்-பென்ஸ் அதை விழுங்கிவிடும் என்றே பலர் எண்ணினர். சிறு பங்குதாரர்களின் எதிர்ப்பும், அதன்பின் தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் முன்வந்து போட்ட முதலீடும் அதைத் தடுத்தன. ரோஷேயின் வேலைப் பழக்கங்கள் இந்தப் பஞ்சகாலத்தில் உருவானவை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். புதிதாக ஒன்றைக் கேட்பதற்கு முன், கையில் இருப்பதில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பவராகவே அவர் கடைசிவரை இருந்தார்.

அலெக்ஸ் ஃபான் ஃபால்கென்ஹாசென் தலைமையிலான எஞ்சின் பிரிவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை கேம்ஷாஃப்ட் கணக்கு. கேம்ஷாஃப்டில் உள்ள முட்டை வடிவ மேடுகள்தாம் வால்வுகளைத் திறந்து மூடுகின்றன. வால்வு விரைவாகத் திறந்தால் எஞ்சினுக்குள் காற்று அதிகம் புகும். ஆனால் மேட்டின் சரிவு அளவுக்கு மீறிச் செங்குத்தானால், உயர் சுழற்சியில் வால்வு மேட்டைவிட்டுத் துள்ளும், ஸ்பிரிங் அதிரும், முடிவில் பிஸ்டன் வால்வோடு மோதும். மேட்டின் வளைவை ஒவ்வொரு பாகைக்கும் கணக்கிட்டு, முடுக்கம் எங்கும் திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொள்வதே இந்த வேலையின் சாரம். கணினி எல்லோர் மேசைக்கும் வராத காலம் அது. இதில் ரோஷேக்கு வாய்த்த தேர்ச்சியால் 'நொக்கன் பவுலே' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 'நொக்கன்' என்பது ஜெர்மன் மொழியில் அந்தக் கேம் மேடுகளைக் குறிக்கும். எஞ்சினை முழுப் பொருளாகப் பார்ப்பதற்கு முன்பே அதன் மூச்சைக் கணக்குப் போட்டுப் பழகியவர் என்று அவரைச் சொல்லலாம்.

1961இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ 1500 அறிமுகமானது. நிறுவனத்தை மீட்ட கார் அதுதான். அதன் எஞ்சினான எம்10, ஃபால்கென்ஹாசெனின் படைப்பு: வார்ப்பிரும்புப் பிளாக், சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினியத் தலை, தலைக்கு மேலே சங்கிலியால் ஓடும் ஒற்றைக் கேம்ஷாஃப்ட், 30 பாகை சாய்த்துப் பொருத்தும் அமைப்பு. நிர்வாகம் இன்னும் சிறிய எஞ்சினையே விரும்பியது. பின்னாளில் 2 லிட்டர்வரை வளர இடம் வேண்டும் என்று ஃபால்கென்ஹாசென் பிடிவாதமாக நின்றார். 82 மில்லிமீட்டர் துளையும் (சிலிண்டரின் விட்டம்) 71 மில்லிமீட்டர் வீச்சும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டு தொடங்கிய எஞ்சின், அந்தப் பிடிவாதத்தின் பயனாக 89க்கு 80 என்ற 2 லிட்டர் அளவை எட்டியது. இந்த ஆய்வில் ரோஷேயின் பெயரே முன்னால் நின்றாலும், அவர் தோண்டி எடுத்த கிணற்றில் நீர் இருந்ததற்குக் காரணம் ஃபால்கென்ஹாசென் விட்டுவைத்த இந்த இடைவெளிதான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிப் பொய்யாகிவிடும்.

அபாயகரமான அழகு கொண்ட ஒரு தவறும் இதே காலத்தில் நடந்தது. லுட்விக் ஆப்ஃபெல்பெக் என்ற பொறியாளர், நான்கு வால்வுகளையும் எரியறையைச் சுற்றி ஆரங்களைப் போலச் சாய்த்து வைத்து, உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் மாறி மாறி வருமாறு ஒரு சிலிண்டர் தலையை வடிவமைத்தார். 1967 முதல், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையான ஃபார்முலா டூ பந்தயங்களில் அதை பி.எம்.டபிள்யூ பயன்படுத்தியது. காகிதத்தில் அந்தத் தலை அற்புதமாக மூச்சு விட்டது. ஆனால் வால்வுகள் மாறி மாறி அமைந்ததால் தலையின் இருபுறமும் உள்வாங்கும் குழாய்களும் வெளியேற்றும் குழாய்களும் தேவைப்பட்டன. எஞ்சின் கனமாகவும் உயரமாகவும் சிக்கலாகவும் ஆனது. ரோஷே பிற்பாடு உருவாக்கிய எம்12 எஞ்சினில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை: நான்கு வால்வுகள் இரண்டு இணை வரிசைகளில், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள், ஒருபுறம் உள்வாங்கல், மறுபுறம் வெளியேற்றம். சற்றுக் குறைந்த மேதைமை கொண்ட வடிவம் என்று ஆப்ஃபெல்பெக்கின் ரசிகர்கள் அதைச் சொல்லக்கூடும். வென்றது அதுதான்.

1970 முடிவில் பி.எம்.டபிள்யூ ஃபார்முலா டூவிலிருந்து அதிகாரப்பூர்வமாக விலகியது. பட்டறையில் இருந்தவர்கள் விலகவில்லை. மேலிடத்தின் கண்ணுக்குப் படாமல் வேலை தொடர்ந்தது. 1972இல் யோகன் நேர்பாஷ் தலைமையில் பி.எம்.டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட் என்ற தனி நிறுவனம் மூனிக்கின் புராய்சன் தெருவில் தொடங்கப்பட்டபோது, பந்தயத்திற்கு ஏறக்குறைய ஆயத்தமான எஞ்சின் கையில் இருந்தது. 1973இல் மார்ச் என்ற நிறுவனத்தின் காரில் அதைப் பூட்டி ஓட்டிய ழான்-பியர் ஜாரியே ஐரோப்பிய ஃபார்முலா டூ பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு பட்ரிக் தெபையே, அதற்கடுத்து ஜாக் லஃபித், பின்னர் 1978, 1979, 1982 ஆண்டுகளில் ஜாக்கோமெல்லி, சூரர், கொராடோ ஃபாபி என ஆறு பட்டங்கள் இந்த எஞ்சினுக்குச் சேர்ந்தன. துளை 89.2, வீச்சு 80 மில்லிமீட்டர். தெருவில் ஓடிய 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 0.2 மில்லிமீட்டர் மட்டுமே விலகிய அளவு இது.

டர்போவும் ரோஷேக்குப் புதிதல்ல. 1969இலேயே பி.எம்.டபிள்யூவின் '2002' என்ற மாடல் காரில் டர்போ பொருத்தி டீட்டர் க்வெஸ்டர் ஐரோப்பிய டூரிங் கார் போட்டியில் தன் பிரிவின் பட்டத்தை வென்றிருந்தார். அதன் வழித்தோன்றலாக 1973இல் கடைக்கு வந்த 2002 டர்போ, 170 குதிரைத்திறன் கொண்டது. அது எண்ணெய் நெருக்கடியின் வாயில் நேராகப் போய் விழுந்தது. 1,672 கார்களோடு உற்பத்தி நின்றது. ரெனோ ஃபார்முலா ஒன்னுக்கு டர்போவைக் கொண்டுவந்த 1977க்கு எட்டு ஆண்டுகள் முன்பே, மூனிக்கில் அதன் அடிப்படைப் பாடம் படிக்கப்பட்டிருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

ஃபார்முலா ஒன் விதிகள் இயல்பாக மூச்சு விடும் எஞ்சினுக்கு 3 லிட்டரும் டர்போ எஞ்சினுக்கு 1.5 லிட்டரும் அனுமதித்தன. ரோஷே செய்த கணக்கு எளிமையானது. துளையை 89.2 மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டு வீச்சை 80இலிருந்து 60 ஆகக் குறைத்தால் 1,499 கன சென்டிமீட்டர் கிடைக்கும். பிளாக், தலை, வால்வு அமைப்பு எல்லாம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தவை. இதை நிறுவனமே முதலில் நம்பவில்லை. நேர்பாஷ் இந்த எஞ்சினை டால்போ நிறுவனத்திற்குக் கொடுக்க ஏற்பாடு செய்தபோது, ரோஷேயும் அவருடைய சக பணியாளர் டீட்டர் ஷ்டப்பர்ட்டும் அதை எதிர்த்தனர். நேர்பாஷ் வெளியேறினார், எஞ்சின் பி.எம்.டபிள்யூ பெயரிலேயே இருந்தது. 1980இல் பெர்னி எக்கிள்ஸ்டனின் பிரபாம் அணியோடு ஒப்பந்தமானது.

பழைய பிளாக் பற்றிய கதை இங்கேதான் வருகிறது. புதிதாக வார்த்த இரும்பு குளிரும்போது, தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. அதனால் உள்ளே இழுவிசைகள் தங்கிவிடும். சாதாரணக் காரில் அதனால் தீங்கில்லை. பல மடங்கு அழுத்தத்தில் அந்த இரும்பு நெளியும், விரியும், பிளக்கும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஆயிரக்கணக்கான முறை சூடேறிக் குளிர்ந்த பிளாக்கில் அந்த விசைகள் தணிந்திருக்கும். ஆகவே தொடக்கத்தில் நன்றாக ஓடித் தேய்ந்த கார்களின் பிளாக்குகளையே தேடி எடுத்தனர். ஆசாரி பச்சை மரத்தில் கதவு செய்யாமல் இருப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. பின்னர் புதிய பிளாக்குகளையே செயற்கையாகச் சூடேற்றி முதுமையாக்கும் முறை வந்தது. பிளாக்குகளை முற்றத்தில் மழையில் போட்டு வைத்தார்கள், பட்டறை ஆட்கள் அவற்றின்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றெல்லாம் பந்தய உலகில் ஒரு கதை உலவுகிறது. சொல்லிச் சிரிக்க அது நல்ல கதை. பொறியியல் விளக்கத்திற்கு அது தேவையே இல்லை.

பிளாக் தாங்கியது, மற்றவை தாங்கவில்லை. 1981 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ பயிற்சியில் முதன்முதலாக வெளியில் காட்டப்பட்ட எஞ்சின், 1982 ஜனவரி 23 அன்று கியாலாமியில் பந்தயத்தில் அறிமுகமாகித் தோற்றது. அடுத்த பந்தயங்களில் பிரபாம் அணி மீண்டும் டர்போ இல்லாத பழைய காஸ்வொர்த் எஞ்சினுக்குத் திரும்பியது. தங்கள் எஞ்சினை ஓட்டாவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்று மூனிக் வெளிப்படையாகவே எச்சரிக்க வேண்டியிருந்தது. சிக்கலின் வேர் பெரும்பாலும் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆண்ட மின்னணுவில் இருந்தது. பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து முழுமையான டிஜிட்டல் கட்டுப்பாட்டைப் பந்தயத்திற்குக் கொண்டுவந்ததில் பி.எம்.டபிள்யூ முன்னோடி, முன்னோடிக்கு உரிய அடியும் அதற்கே விழுந்தது. ஜூன் 6 அன்று டெட்ராய்ட்டில் நடப்பு உலகச் சாம்பியனான பிக்கே தகுதிச் சுற்றிலேயே தேறவில்லை. ஒரே வாரம் கழித்து, ஜூன் 13 அன்று மான்ட்ரியலில் அதே பிக்கே, அதே வகை எஞ்சினுடன் வென்றார். காஸ்வொர்த் எஞ்சினுடன் ஓட்டிய அவருடைய அணித்தோழர் பத்ரேசே இரண்டாவதாக வந்தார். கிளம்பும்போதே நடந்த மோதலில் இளம் ஓட்டுநர் ரிக்கார்டோ பலெட்டி உயிரிழந்த பந்தயம் அது என்பதால் வெற்றியைக் கொண்டாடும் மனநிலை எவருக்கும் இருக்கவில்லை.

நான்கே சிலிண்டர்கள் என்பதால் ஒவ்வொரு பிஸ்டனும் போட்டியாளர்களின் பிஸ்டன்களைவிட அகலமானது. தீப்பொறியிலிருந்து சுவர்வரை தீ நாக்கு ஓட வேண்டிய தூரமும் கூடுதல். தீ வந்து சேருமுன் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடித்தால் அதுதான் 'நாக்கிங்'. சில நொடிகளில் பிஸ்டனைத் துளைத்துவிடும். டர்போ அழுத்தத்தை உயர்த்த முடியாமல் ரோஷே முட்டி நின்றது இங்கேதான். தீர்வு இயந்திரப் பட்டறையில் கிடைக்கவில்லை, வேதியியலில் கிடைத்தது. பி.ஏ.எஸ்.எஃப் குழுமத்தைச் சேர்ந்த வின்டர்ஷால் நிறுவனம் டொலுவீன் மிகுந்த எரிபொருள் ஒன்றைக் கலந்து கொடுத்தது. டொலுவீன் எளிதில் தானாக வெடிக்காது, அடர்த்தியும் அதிகம். 1983 பருவத்தின் பிற்பகுதியில் இந்த எரிபொருள் வந்தபின் அழுத்தத்தை நினைத்த அளவுக்கு ஏற்ற முடிந்தது. அது விதிக்கு உட்பட்டதா என்று பருவம் முடிந்தபின் கேள்வி எழுந்தது, முடிவுகள் மாறவில்லை. எரிபொருளைச் சொல்லாமல் 1983 பட்டத்தை எஞ்சினின் வெற்றியாக மட்டும் எழுதும் கட்டுரைகள் உண்டு. அவை ரோஷேயைப் புகழ்வதாக எண்ணி அவருடைய உண்மையான திறமையை மறைக்கின்றன. தன் துறைக்குள் விடை இல்லை என்பதை நேரத்தோடு கண்டுகொண்டதுதான் அவர் செய்தது.

கடைசிப் பந்தயத்திற்கு முன் ரெனோவின் அலென் பிராஸ்ட் 57 புள்ளிகள், பிக்கே 55. மோன்சாவிலும் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் அடுத்தடுத்து வென்று வந்திருந்த பிக்கே, கியாலாமியிலும் தொடக்கத்திலேயே முன்னேறினார். பிராஸ்ட்டின் டர்போ பழுதாகி அவர் பாதியில் நின்றார். டர்போவை ஃபார்முலா ஒன்னுக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம் டர்போவாலேயே பட்டத்தை இழந்தது. பத்ரேசே வெல்ல, அழுத்தத்தைக் குறைத்து ஓட்டி மூன்றாவதாக வந்த பிக்கே 59 புள்ளிகளோடு சாம்பியனானார். அதே தடத்தில் நடந்த அறிமுகத்திலிருந்து எண்ணினால் 630 நாட்கள்.

அதன்பின் எஞ்சினின் வலிமை ஏறிக்கொண்டே போனது. 1986இல் தகுதிச் சுற்றுக்காக 5 பாருக்கும் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு) மேற்பட்ட அழுத்தத்தில், ஓரிரு சுற்றுகள் மட்டுமே உயிர் வாழும்படி எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றின் உச்சத்திறன் ஏறக்குறைய 1,400 குதிரைத்திறன் என்று ரோஷே மதிப்பிட்டார். துல்லியமான எண்ணை அவர் தரவில்லை, ஏனெனில் பட்டறையில் இருந்த அளவிடும் கருவி 1,280க்கு மேல் காட்டாது.

ஆனால் இந்த ஆய்வுக்கு அந்த எண்ணைவிடப் பயனுள்ள சான்று ஒன்று அதே ஆண்டில் கிடைக்கிறது. காற்றெதிர்ப்பைக் குறைப்பதற்காகப் பிரபாமின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி, பிடி55 காரை மிகத் தாழ்வாக அமைத்தார். எஞ்சினை 72 பாகை சாய்த்து ஏறக்குறையப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. படுத்த எஞ்சினில் எண்ணெய் வழிய வேண்டிய இடத்திற்கு வழியாமல் தேங்கியது. திருப்பங்களில் நிலைமை மோசமானது. கியர் பெட்டியும் தொல்லை கொடுத்தது. அந்தப் பருவம் முழுவதிலும் பிரபாம் பெற்றது 2 புள்ளிகள். எலியோ தே ஆஞ்செலிஸ் பால் ரிக்கார்ட் தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது விபத்துக்குள்ளாகி இறந்ததும் இந்தக் காரில்தான். அதற்கு எஞ்சின் காரணமன்று. இதே எஞ்சினை நிமிர்த்தி வைத்திருந்த பெனட்டன் காரில் கெர்ஹார்ட் பெர்கர் அக்டோபரில் மெக்சிக்கோ கிராண்ட் பிரீயை வென்றார். பெனட்டனுக்கு அது முதல் வெற்றி, இந்த எஞ்சினுக்கு ஒன்பதாவதும் கடைசியுமான வெற்றி. ஒரே இரும்பு, ஒரே ஆண்டு, இரண்டு கிடப்பு. இடத்தை மதித்தால் மட்டுமே இருப்பதிலிருந்து மிச்சம் எடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு தேட வேண்டியதில்லை.

தெருவுக்கு வந்த எஞ்சின்களிலும் இதே கை தெரிகிறது. 1978இல் வெளிவந்த எம்1 காருக்கு ரோஷே 24 வால்வு கொண்ட 3,453 கன சென்டிமீட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை அமைத்தார், 277 குதிரைத்திறன். சில ஆண்டுகள் கழித்து, '3 சீரிஸ்' சிறு காருக்கும் ஒரு விளையாட்டு எஞ்சின் வேண்டும் என்று நிறுவனத் தலைவர் எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம் கேட்டார். ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் எம்10க்கும் சிலிண்டர் இடைவெளி ஒன்றே என்பதை ரோஷே அறிந்திருந்தார். ஆறு சிலிண்டர் தலையிலிருந்து இரண்டு அறைகளை அறுத்து எடுத்துவிட்டு, திறந்த முனையை ஒரு தகட்டால் மூடி, அந்தத் தலையை நான்கு சிலிண்டர் பிளாக்கின்மேல் பூட்டினார். முதல் மாதிரி தயாராக இரண்டு வாரங்கள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை கூன்ஹைமின் வீட்டுக்கே ஓட்டிச் சென்றார். தலைவர் ஒரு சுற்று ஓட்டித் திரும்பி, பிடித்திருக்கிறது என்றார். முதல் எம்3 காரின் 2.3 லிட்டர் எஞ்சின் பிறந்த விதம் இது. துளை 93.4, வீச்சு 84 மில்லிமீட்டர்: எம்1 எஞ்சினின் அதே அளவுகள், மூன்றில் இரண்டு பங்கு சிலிண்டர்கள்.

ஒரே ஒருமுறைதான் வெற்றுக் காகிதம் அவர் முன் முழுமையாக விரிக்கப்பட்டது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்துக்கொண்டிருந்த மர்ரி, ஹோண்டாவிடம் கேட்டுப் பலிக்காமல் போன பின், 1990இல் ஹோக்கன்ஹைம் பந்தயத்தின்போது பழைய நண்பரான ரோஷேயைச் சந்தித்தார். கேட்டது 550 குதிரைத்திறன், 250 கிலோ, 600 மில்லிமீட்டருக்கு மிகாத நீளம், டர்போ கூடாது. வந்தது 6,064 கன சென்டிமீட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்: 627 குதிரைத்திறன், 266 கிலோ. எடையில் 16 கிலோ தவறியதை மர்ரி பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் மற்ற எண்ணிலேயே இருக்கிறது. பந்தயத்திற்காக நினைக்கப்படாத இந்தக் கார் 1995இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களும் அதற்கே. பந்தய விதிகள் காற்று நுழைவைக் கட்டுப்படுத்தியதால், தெருவில் விற்ற காரைவிடப் பந்தயக் காருக்கு வலிமை குறைவு என்ற வேடிக்கையும் அங்கே நடந்தது. 1998 மார்ச்சில் ஆண்டி வாலஸ் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் இந்தக் காரை மணிக்கு 386.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்.

அதே பன்னிரண்டு சிலிண்டர் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் 1999இல் பி.எம்.டபிள்யூவின் சொந்தக் காருக்கு லெ மான் வெற்றியைத் தந்தது. அந்த ஆண்டே ரோஷே ஓய்வு பெற்றார். அவர் கடைசியாகக் கை வைத்த வேலை, வில்லியம்ஸ் அணிக்காகப் பி.எம்.டபிள்யூ ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பத் தயாரித்த பத்து சிலிண்டர் எஞ்சின். 2000 மார்ச்சில் மெல்பர்னில் அது முதல் பந்தயத்தை ஓடியபோது ரால்ஃப் ஷூமாக்கர் மூன்றாவதாக வந்தார். அந்த எஞ்சினின் பிளாக் அலுமினியம்.